நீ பிறந்த வாரத்து லீவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதே போல இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. போனில் பேசுகிறவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் என்றால் பாதியில் அழுதுவிடுவேன், நீ அங்கே பதறுவாய், அப்பா என் முகத்தைப் பார்த்து என்ன என்ன என்று கேட்பார், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்க்கதையெல்லாம் எழுதி நழுவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. அப்பாவின் ராணுவப் பணிப்பதிவில் தப்பு இருக்கிறது, திருத்துங்கள் என்று நாம் போட்ட மனுவை நான் திரும்ப வாங்கிவிட்டேன். நீ இனி யாருக்கும் ஒரு வரி எழுதாதே. உன் வக்கீல் சிநேகிதியிடமும் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஏன் என்று குதிப்பாய். குதி, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் குதி.

உனக்குத் தெரிந்ததையே ஒரு தடவை சொல்கிறேன், எனக்கும் வரிசையாக வர வேண்டும். நீ பிறந்த வாரம் அப்பா வேலை பார்த்த வெடிமருந்துக் கிடங்கில் விபத்து நடந்து அவருடைய இடது காது போனது, அன்றிலிருந்து வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகி இப்போது நான் தொண்டை கிழியக் கத்தினால்தான் உண்டு. ராணுவ ஆஸ்பத்திரியில் காது டாக்டர், பணியில் இருக்கும்போது காது போனவர்களுக்கு உள்ளே சின்னக் கருவி ஒன்று வைக்கிறோம், பேச்சு நன்றாகக் கேட்கும், பணிப்பதிவை மட்டும் கொண்டு வாருங்கள் என்றார். பதிவு வந்தது. அதில் காயம் என்று ஒரு சொல்கூட இல்லை. அந்த வாரம் முழுக்க அப்பா லீவில், வீட்டில் இருந்தார் என்று போட்டிருந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். நான் வலியில் துடித்துக்கொண்டு வாசலையே பார்த்த வாரம் அல்லவா அது. லீவு கிடைக்கவில்லை என்றுதானே அவர் இத்தனை காலமும் சொன்னார். நீ உடனே, அம்மா, குமாஸ்தா யாரோ தூங்கிக்கிட்டே எழுதியிருக்கான், அப்பா வீட்டுல இல்லைங்கறதுக்கு உன்னைவிடப் பெரிய சாட்சி யாரு, பெத்தவளே நீதானே என்றாய். எனக்கும் அது சரியாகப்பட்டது. குட்டி தாத்தா என்று கூப்பிடுவது அவருக்கு ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா என்கிற ஆசை. அப்பா மட்டும் பதிவைப் பார்த்துவிட்டு விடு, அது கிடக்கட்டும் என்று மடித்து வைத்துவிட்டார். நான் அதைக் கிழட்டுப் பிடிவாதம் என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் மனு எழுதினோம். அவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார் என்பதால் நீ போனில் சொல்லச் சொல்ல நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினேன், ஞாபகம் இருக்கிறதா. பக்கத்தில் உட்கார்ந்து அவர் எனக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த வெங்காயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் முகம் சுருங்குகிறது.

பதிவு அலுவலகத்தில் நான் கொடுத்த சாட்சியம் இருக்கிறதே, அதைக் கேட்டிருந்தால் நீ கை தட்டியிருப்பாய். அங்கிருந்த கண்ணாடி போட்ட குமாஸ்தா, ரொம்ப வருஷம் ஆச்சேம்மா, நல்லா ஞாபகம் இருக்கா என்று கேட்டுவிட்டான். எனக்கா ஞாபகம் இல்லை! பிரசவ ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகியது, பக்கெட் வைத்தது, நர்ஸின் செருப்பு அறுந்து அவள் ஒற்றைச் செருப்போடு நடந்தது, நீ வந்ததும் அழாமல் தும்மியது, கதவு திறக்கும்போதெல்லாம் இவர்தானோ என்று நான் தலையைத் தூக்கியது, கடைசி வரை இவர் வராதது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கினான். நான் பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுருட்டையின் மனைவி வந்தாள். சுருட்டையை உனக்குத் தெரியும், அப்பாவோடு கிடங்கில் ஒரே அறையில் இருந்தவர், சுருள் முடிக்காரர், நீ சின்னவளாக இருந்தபோது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைவார், நெஞ்சு வியாதியில் போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகு அந்தம்மாள் படைவீரர் குடியிருப்பில் ஒரே அறையில், ரவிக்கை தைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். வேலையில் காயம்பட்டவர் என்று அவர் பதிவில் இருப்பதால்தான் அந்த அறையும் மாசாமாசம் வருகிற உதவியும். மூன்று பஸ் மாறி வியர்த்து விறுவிறுத்து வந்தவள் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். அண்ணே, அவரு அன்னிக்கு வேலையிலயே இல்லைன்னு யாரோ எழுதிப் போட்டிருக்காங்களாம், யாரு வயித்தெரிச்சலோ தெரியலையே என்று அழுதாள். அப்பா படித்தார். அதில் இன்ன நம்பர் படைவீரரின் மனைவி கொடுத்த சாட்சியத்தின்படி என்று என் சாட்சியம் இருந்திருக்கிறது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்டி, அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அவளுக்குச் சட்டச் சொற்கள் புரியவில்லை, நான் எழுதியது என்றும் தெரியவில்லை. அவள் பாட்டுக்கு என்னிடம், அக்கா, காதுல அடிபட்டதுன்னு போட்டிருக்காங்க, எங்க வீட்டுக்காரருக்கு எறும்பு ஊர்ற சத்தம்கூடக் கேக்குமே, அதுவே எனக்குப் புதுசா இருக்கு என்றாள். பிறகு, அந்த வாரம் அவரு லீவுல வந்தது நிஜம்தான், எங்க பையன் அவரு மடியிலதானே போனான், அதை அப்படியே எழுதி அனுப்பிடட்டுமா அண்ணே என்று கேட்டாள். நான் சட்டென்று அப்பாவைப் பார்த்தேன். அப்பா, நீ ஒண்ணும் எழுதாதேம்மா, நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு அவளைச் சாப்பிட வைத்து பஸ் ஏற்றிவிடப் போனார்.

திரும்பி வந்து சொன்னார். காது கேட்காதவர் ரகசியம் சொன்னால் தெருவுக்கே கேட்கும், அதனால் நான் ஓடிப்போய் ஜன்னலையெல்லாம் சாத்தி ரேடியோவை வேறு பெரிதாக வைத்தேன். என் பிரசவத்துக்காக அவருக்கு லீவு கிடைத்துத்தான் இருந்திருக்கிறது. பெட்டி கட்டி வைத்தாயிற்று. அன்று சாயங்காலம் சுருட்டைக்குத் தந்தி, பையனுக்கு மூளைக்காய்ச்சல், உடனே வா என்று. சுருட்டை தன் லீவையெல்லாம் முன்னாடியே எடுத்துத் தீர்த்துவிட்டிருந்தார், மேலதிகாரி முடியாது என்றுவிட்டார். லீவு பாஸில் அந்தக் காலத்தில் போட்டோ ஏது. அப்பா தன் பாஸை அவர் சட்டைப் பையில் திணித்து அனுப்பிவிட்டு, சுருட்டையின் டூட்டியைத் தான் பார்த்திருக்கிறார். சுருட்டையின் நம்பரைக் கூப்பிட்டால் இவர் ஆஜர் என்பார், கூட இருந்த பையன்களெல்லாம் தெரியாத மாதிரி இருந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கிடங்கில் வெடித்தது. இவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெயர் என்ன என்று கேட்டால் காதில் ரத்தம், ஒன்றும் கேட்கவில்லை. பாக்கெட்டில் இருந்த டூட்டிச் சீட்டைப் பார்த்து சுருட்டையின் பெயரைப் போட்டுவிட்டார்கள். காயம் அவர் பதிவுக்குப் போனது, லீவு இவர் பதிவில் நின்றது. அன்று காது போனவர் ஒருவர்தான் என்பதால், அது இவர்தான் என்று நாம் போட்ட மனு நேரே அவர் பதிவில் போய் இடித்திருக்கிறது. வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் தண்டனை. அப்படியே ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை பார், எதிரே நின்று, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல என்று கத்தினேன். அவர் சொன்னார், உனக்கு உங்கம்மா இருந்தாங்க, அக்கா இருந்தாங்க. நம்ம புள்ள வந்துட்டு இருந்தா, வர்றவளை எப்ப வேணா பாத்துக்கலாம். அவன் புள்ள போயிட்டு இருந்தான். அவ்வளவுதான் சொன்னார்.  கண்ணு, பெத்தபோதுகூட எட்டிப் பார்க்காத மனுஷன் என்று எத்தனை சண்டையில் அவரைச் சொல்லியிருப்பேன். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில், உன் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள். உனக்கும் சொல்லிக் கொடுத்தேன். காலேஜில் சேர்க்கிற சமயம் நீ ஒரு கோபத்தில், நான் பொறந்தப்பவே வராதவரு இப்ப என்ன என்று அவரைக் கேட்டாயே, அது உன் வாய், ஆனால் பேச்சு என்னுடையது. அவர் எழுந்து உன் பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போனார்.

மறுநாளே இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். காது போனால் போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். உன் சத்தம் ஒண்ணுதான் இன்னும் லேசா கேக்குது, அதுவும் நின்னா எனக்கு நிம்மதி என்று வழியில் என்னைக் கிண்டல் வேறு. கண்ணாடிக் குமாஸ்தாவிடம், தம்பி, நான் தப்பா சொல்லிட்டேன், இவர் அந்த வாரம் வீட்டுலதான் இருந்தார், பதிவு சரியாத்தான் இருக்கு, மனுவைத் திருப்பிக் குடுத்துடுங்க என்றேன். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னம்மா, போன தடவை நர்ஸ் செருப்பு அறுந்ததுவரைக்கும் சொன்னீங்களே என்றான். அது வேற பிரசவமா இருக்கும் தம்பி என்றேன். உங்களுக்கு ஒரே பொண்ணுன்னு சொன்னீங்க என்றான். பக்கத்துக் கட்டில்காரியோடதா இருக்கும், வயசாச்சு, மண்டை குழம்பிடுச்சு என்றேன். ஊரில் யார் பிறந்தநாளையும் மறக்காதவள் என்று மார்தட்டின நான், அந்த மேஜைக்கு முன்னால் மறதிக் கிழவியாக நின்றேன். எனக்கு அது வேண்டும். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்ப குழந்தையை முதல்ல யாரு வாங்கினது என்று கேட்டான். இவர்தான், துணியில சுத்தி இவர் கையிலதான் குடுத்தாங்க, கை நடுங்கிச்சு என்று சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்தது. அப்பா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா, இனிமே காதுக்குன்னு மனு போட முடியாது, தெரியும்ல என்றான். தெரியும் என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்தம்மாவுக்குப் போன நோட்டீஸும் ரத்தாகிவிடும் என்று தானாகவே சொன்னான். நான் கேட்கவே இல்லை, அவனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்றோம். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தொட்டுத் திருப்பி, கை நடுங்கிச்சுன்னு சொன்னியே, அப்புறம் நான் என்ன பண்ணேன் என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. இத்தனை வருஷத்தில் உன் பிறப்பைப் பற்றி அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் நான் குத்திக்காட்டுவேன் என்று கேட்காமலே இருந்திருக்கிறார். நான் அவருக்கு நேராகத் திரும்பி நின்று, உதட்டை நன்றாக அசைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ தும்மியதைச் சொன்னேன், கூரை ஒழுகியதைச் சொன்னேன், உனக்கு ஒரு காது மடங்கியிருந்ததைச் சொன்னேன், நீங்க அதை விரலால நிமித்தி விட்டீங்க என்றேன். அப்படியா என்று சிரித்தார். இரண்டு பஸ் போய்விட்டது, நாங்கள் ஏறவில்லை.

இனி உனக்கு. அந்த அம்மாளுக்கு இது எதுவும் தெரியாது, தெரிந்தால் அவளுக்குப் பொய் சொல்ல வராது, அதனால் நீயும் மறந்துவிடு. நல்ல கம்பளியில் ஒரு சால்வை வாங்கி அனுப்பு, நான் கொண்டு போய்க் கொடுக்கிறேன், என்ன விசேஷம் என்று கேட்டால் சும்மாதான் என்பேன். குளிரில் குட்டியைக் காது மூடாமல் வெளியே விடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அப்பாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதாதே, நான் கேட்டுப் பார்த்தேன், எழுந்து போய்விடுகிறார். பெரிய எழுத்தில் அவர் பெயருக்கே ஒரு கடிதம் போடு, குட்டி என்னென்ன பேசுகிறது என்று அப்படியே எழுது, காதால் கேட்காததைக் கண்ணால் கேட்கட்டும். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஆறுதலாக, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். நாளைக்குக் குட்டி வளர்ந்து, அம்மா, நீ பிறந்தபோது தாத்தா எங்கே இருந்தார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல். பக்கத்திலேயே இருந்தார், என் காதை நிமிர்த்தி விட்டது அவர்தான் என்று சொல்.

இப்படிக்கு,
எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிற உன் அம்மா