தம்பி வீட்டுக்கு மேலே ஒரு சுவர்

செப்டம்பர் 9
வடக்குத்து ஊரில் எங்கள் மனைகள் சரிவில்; நான் மேலே, தம்பி கீழே. மழை பெய்தால் என் மண் இறங்கித் தம்பி குமரவேல் வாசலில் போய் நிற்கிறது. நேற்று அவன் பெண்டாட்டி மலர்கொடி, என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "மேல் வூட்டுத் தண்ணி, மேல் வூட்டுச் சேறு, எல்லாம் எங்க தலையிலதான்."

சரி. இனி ஒரு சொட்டு வராது. சிமெண்ட் கல் அடுக்கித் தடுப்புச் சுவர் கட்டப்போகிறேன். நானே.

செப்டம்பர் 17
இரண்டு வரிசை. இடுப்பு போயிற்று.

செப்டம்பர் 25
இளவழகன் கொத்தனார் அந்த வழியாக வந்தவர் நின்று பார்த்தார்.

"கீழ் வரிசையில குழாய் வெச்சு ஓட்டை வுடுங்க. பின்னால ஜல்லி கொட்டுங்க. தண்ணி வெளிய போவலன்னா சொவத்தத் தள்ளிடும்."

"வெளியன்னா? தம்பி வாசலுக்கா?"

"வேற எங்கங்க?"

ஓட்டை கிடையாது என்றேன்.

சோறு போடும்போது காந்திமதி கேட்டாள்: "சொவரு மண்ணுக்கா, தம்பிக்கா?" என் பெண்டாட்டிக்கு எல்லாம் தெரியும்.

அக்டோபர் 4
முடிந்தது. மார்பளவு உயரம். நேராக நிற்கிறது. எவனிடமும் நான் படிக்கவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு எங்கள் நிலம் போனபோது குடும்பத்துக்கு ஒரு வேலை வந்தது. அப்பா அதைப் பத்தாவது படித்த சின்னவனுக்குக் கொடுத்தார். அவன் பெர்மனெண்ட், குவார்ட்டர்ஸ்; ரிட்டயர் ஆனதும்தான் கீழ் மனைக்கு வந்தான். நான் கடைசிவரை கான்ட்ராக்ட். "அண்ணன் எதுனா செஞ்சிக்கும்" என்றான் அன்றைக்கு. செஞ்சிக்கினேன்டா. பேச்சு நின்றதும் அன்றுதான்.

அக்டோபர் 22
விடாத மழை. கீழே ஒரு சொட்டும் போகவில்லை.

அக்டோபர் 23
சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. என் கண்தான் சரியில்லையோ? நூல் பிடித்தேன். இரண்டு விரல். நேர் கீழே அவர்கள் சமையலறை.

கொத்தனாருக்குப் போன் போட்டேன். "கீழ்ப்பக்கம் போயித்தான் தொளைக்கணும். தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

கேட்பதா? நானா?

அக்டோபர் 24
விடிந்து பார்த்தால், அந்தப் பக்கமிருந்து சவுக்குக் கழிகள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. என் சுவருக்கு! மலர்கொடி அடுப்பை முன் அறைக்கு மாற்றிவிட்டாளாம். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை இருவரும். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

கடப்பாரை எடுத்தேன். மேலிருந்தே பிரித்துவிட்டால் எவனையும் கேட்க வேண்டாம். முதல் கல்லைப் பெயர்த்து நிமிர்ந்தால், கீழே குமரவேல்.

"டேய், அங்க நிக்காத. சாயுது."

"மேல நின்னுகினு அதிகாரம் பண்ணாத. கல்லக் குடு."

கொடுத்தேன். இருட்டும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கும் மூச்சு வாங்குகிறது. வேலை விஷயத்தை அவன் எடுக்கவில்லை. நான் மறக்கவும் இல்லை.

நவம்பர் 8
கொத்தனார் திரும்பக் கட்டிவிட்டார். குழாய் வைத்து, ஜல்லி போட்டு. நான் குறை சொல்லிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வது, கை தூக்க முடியவில்லை.

நவம்பர் 14
காலையிலிருந்து மழை. எல்லாக் குழாயிலும் செந்தண்ணீர். "ஏங்க, ஆறு வந்துடுச்சி, பரிசல் எடுங்க" என்று மலர்கொடி உள்ளிருந்து கத்தினாள். குமரவேல் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வாய்க்கால் வெட்டினான். தெருவுக்கு வெட்டுகிறான் என்று பார்த்தால், தண்ணீர் அவன் படிக்கே திரும்புகிறது. கொஞ்ச நேரம் பார்த்தேன். சகிக்கவில்லை.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் கேட்டைத் திறந்தேன்.