பனிவரை மருத்துவச்சாலைக் கணினியின் இணைப்பைத் துண்டிக்க விடுத்த ஓலை

சுனை வற்றாத பனிவரைக் கோட்டத்தைக் காத்துவரும் தலைவர் கீரங்கொற்றனார்க்கு, வெண்குன்ற நாட்டு அரசியார் நன்முல்லையாரின் திருவுளப்படி அமைச்சர் ஆதனழிசியார் விடுக்கும் ஓலை. தங்கள் மலையில் மழை அளவோடு பெய்க. தங்கள் மக்களின் வாயிலில் நோய் தங்காதிருக்க.

நம் கணினிகளை இயக்கும் பழைய இயங்குதளத்துக்கு, வரும் ஐப்பசி முழுநிலவுக்குப் பின் காப்புத் திருத்தங்கள் வரமாட்டா என்று, அதை ஆக்கிய கடல்கடந்த கம்மியர் ஈராண்டுக்கு முன்பே அறிவித்தனர். அறிவிப்பு எல்லாத் திரைகளிலும் தோன்றியது. ஆயினும் முடிசூட்டு விழா நடந்து ஈராண்டுவரை 'முடிவு' என்னும் சொல்லை அரண்மனையில் எவரும் வாசிக்கலாகாது என்பது மரபாதலால், எழுத்தர் அனைவரும் 'பின்னர் நினைவூட்டுக' என்பதையே அழுத்தினர். அமைச்சரும் நாள்தோறும் அதையே அழுத்தி, மரபைக் காத்ததாக மகிழ்ந்திருந்தார். அந்த மகிழ்ச்சியை நினைக்க இன்று அவர் நெஞ்சு கூசுகிறது.

மரபுக்காலம் கழிந்தபின் விரைந்து புதிய இயங்குதளத்துக்கு மாற்றியதில், நானூற்றுப் பன்னிரண்டு கணினிகளில் மாற்ற இயலாமல் எஞ்சியது ஒன்றே. அது தங்கள் மருத்துவச்சாலையில், குறைமாதக் குழந்தைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு வெப்பமும் காற்றும் அளந்து தருவது. அப்பெட்டிகள் புதிய இயங்குதளத்துக்குக் கட்டுப்படவில்லை. புதிய பெட்டிகள் ஏறிய கப்பலோ தைக்கு முன் கரை சேராது. பெட்டிக்குக் காலம் முடிந்ததென்று தலைநகரம் சொல்லலாம், உள்ளே கிடக்கும் மூவர்க்குக் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று செவிலித் தலைவி வெண்பூதியார் எழுதியிருந்தார்.

முன்னொரு இயங்குதளத்துக்குத் திருத்தம் நின்றபோது, அதில் இயங்கிய கணினிகளைக் கள்வர் வலைவழி புகுந்து பூட்டியதால், அண்டையிலுள்ள புனல்நாட்டு மருத்துவச்சாலை ஒன்பதே நாளில் முடங்கியது. ஆதலால் முழுநிலவுக்கு முன்பே அந்தக் கணினியின் வலை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்தால், தலைநகரிலிருந்தே அளவுகளைப் பார்த்து வழிசொல்லும் மருத்துவரின் கண் அங்கே எட்டாது. ஓலை சுமந்தோடும் தூதர் மலையிறங்கி விடை கொண்டுவர இரண்டு பகலாகும். மூவரும் தை காண்பர் என்று அமைச்சர் நம்பவில்லை; நம்புவதாக எழுதவும் அவர் மனம் ஒப்பவில்லை.

ஆயினும் பெட்டியருகே ஒருவர் எப்போதும் அமர்ந்திருக்கட்டும். மாறும் எண்ணைக் கண்டவுடன் செவிலியை அழைப்பதும், சிறுவிரலைத் தொட்டுக்கொண்டிருப்பதும் எவர்க்கும் இயலும்; இறைவன் அதையும் மருந்தாகக் கொள்ளக்கூடும். வீட்டுக்கு ஒருவராக முறைவைத்து அனுப்புக.

மழை வழியை அடைப்பதற்குள் அமைச்சரும் மலையேறி வருகிறார். அவருக்கும் ஒரு முறை ஒதுக்குக. அவர் உள்ளே வரும்போது, காவலிருப்பவர் எவரும் எழுந்து வணங்க வேண்டா; கண் குழந்தையின் மேலேயே இருக்கட்டும்.

இது அரசியார் ஆணை. வெண்குன்ற முத்திரை இடப்பட்டது. புரட்டாசித் திங்கள் இருபத்திரண்டாம் நாள்.