பூட்டிய வீட்டிலிருந்து ராத்தாவின் குரல்

வெள்ளிக்கிழமை, இரவு

பின்னேரம் ராத்தாவைக் கட்டிய மச்சான் கட்டாரிலிருந்து வீடியோவில் வந்தார். தாங்கள் இருக்கும் ஊரிலிருந்து லீவுக்குக் குடும்பமாக டோஹாவுக்குப் போயிருக்கிறார்களாம். உயரமான கட்டடங்களைக் காட்டினார். அவருடைய தோளில் ராத்தாவின் குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"மகள் எங்க?" என்று உம்மா கேட்டார்.

"ஹோட்டல்ல நித்திரை மாமி. உங்கட மகளுக்கு ஊரும் பார்க்கத் தேவல்ல, புருஷனும் தேவல்ல."

உம்மா சிரித்தார். "புள்ளைக்குப் பசி போல மகன். அவள எழுப்பிப் பால் குடுக்கச் சொல்லுங்க."

உம்மா இஷா தொழும்போது அவருடைய போனுக்கு ராத்தாவின் குரல் பதிவு வந்தது. நான் கேட்டேன். ராத்தா டோஹாவுக்குப் போகவேயில்லை, அவர்களுடைய மாடிவீட்டில்தான் இருக்கிறாள். நாங்கள் அனுப்பிய கருவாடு ஈரமாகிவிட்டதாம். எங்கள் ஊர் கண்டக்குழியில் காயப்போடுவதுபோல மாடி பல்கனியில் விரித்திருக்கிறாள். மேல்வீட்டார் நாற்றமென்று மச்சானிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

"வெளியால பூட்டிட்டுப் போயிட்டாரு உம்மா. புள்ளையையும் கொண்டு போயிட்டாரு. நாத்தம் போனாத்தான் தொறப்பாராம். நெஞ்செல்லாம் பால் கட்டி நோகுது."

குரலில் அழுகை இல்லை. எனக்கும் வரவில்லை.

உம்மா இதைக் கேட்டால் உடனே மச்சானுக்குத்தான் கோல் எடுப்பார். போன முறை அப்படி எடுத்த பிறகு ராத்தாவின் போனை மச்சான் வாங்கி வைத்துக்கொண்டார்.

'கேட்டேன்' என்று ராத்தாவுக்கு எழுதினேன்.

'யாரு, நீயா?'

'ஓம்.'

உம்மாவின் போன் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. விடிய வாப்பா கடலிலிருந்து வருவார்; அவருக்குத்தான் இதைப் போட்டுக் காட்டுவேன். அதுவரை உம்மா அதைத் தேடக்கூடாது.