பொம்மை எஞ்சினுக்குப் புகை

11.3.85, திங்கள்

காலையிலிருந்து மழை. கடைக்கு ரிப்பேருக்கென்று ஒரு ரேடியோகூட வரவில்லை. பிற்பகலில் பல் டாக்டர் லோ வந்தார், கையில் சப்பாத்துப் பெட்டி. பிரித்தால் உள்ளே பொம்மை ரயில் எஞ்சின். பழைய கரி எஞ்சின் மாதிரி. சிறுவயதில் அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்ததாம். புகைபோக்கிக்கு அடியில் ஒரு குட்டி பல்பு, அதன்மேல் ஒரு மாத்திரையை வைத்தால் சூட்டில் புகையுமாம். அந்த மாத்திரை இப்போது எங்கும் கிடைப்பதில்லை. பல்பை எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டால் புகைகிற மாதிரி மாற்ற முடியுமா என்று கேட்டார்.

முடியும் என்றேன். வாய் நடுங்குவதில்லையே, கைதானே நடுங்குகிறது.

பத்து காஜா ஊர் எஸ்டேட்டில் என் அப்பா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகையில் இருமி இருமியே செத்தார். இந்த மனுஷன் புகை வேண்டுமென்று ஈப்போ முழுக்க அலைகிறார்.

14.3.85, வியாழன்

முடியவில்லை. தலைமுடி கனத்தில் ஒரு கம்பிச்சுருள், அதைச் சுண்டுவிரல் நகம் அளவு தகரக் கிண்ணத்துக்குள் வைத்து ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். குடியை விட்டு, வருகிற ஈஸ்டரோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. சம்சு சாராயம் போனது, நடுக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனது. எப்படியோ ஒட்டி, எண்ணெய் ஊற விளக்குப் பஞ்சைத் திணித்தேன். பஞ்சு கருகிக் கடை முழுக்கத் தீய்ந்த நாற்றம்.

17.3.85, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ரோசரி எஞ்சினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் பூதக்கண்ணாடிக்கு அடியில் ஈயம் வைக்கிற கை அவளுடையது.

“பஞ்சு கருகத்தாங்க செய்யும். அடுப்புத் திரி கருகுதா?”

மண்ணெண்ணெய் அடுப்புக்கு வாங்கிய புதுத் திரியைப் பிரித்து, அதிலிருந்த கண்ணாடி நூலைக் கம்பிச்சுருளைச் சுற்றி இலேசாக வைத்தாள். ஈயம் ஒரே தொடுதலில் உட்கார்ந்தது. எண்ணெய் சில சொட்டு. அது ஊறும்வரை என்னைக் கரண்டு கொடுக்க விடவில்லை. காய்ந்த கம்பியில் கரண்டு ஏறினால் எரிந்து அறுந்துவிடுமாம்.

பிறகு வந்தது பாருங்கள் புகை. வெள்ளையாக, சுருள் சுருளாக. என் பெண்டாட்டி கெட்டிக்காரி. இதை எழுத எனக்குக் கூச்சமே இல்லை. இங்கே எழுத.

20.3.85, புதன்

டாக்டர் ஓடும் எஞ்சினைப் பார்த்துக் குழந்தையாகிவிட்டார். இப்படி ஒரு கை ஈப்போவில் இருப்பது தெரியாமல் போயிற்றே என்றார். அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சிரித்தேன். ‘என் மனைவி செய்தாள்.’ மூன்று வார்த்தை. ஏன் வரவில்லை? இன்னும் சில பழைய எஞ்சின்களைத் தந்துவிட்டிருக்கிறார்.

2.4.85, செவ்வாய்

ரோசரிக்கு வேலை போய்விட்டது. ஆர்டர் இல்லை என்று அவள் பகுதியையே மூடிவிட்டார்கள்.

13.4.85, சனி

எஞ்சின்களை எல்லாம் ரோசரி முடித்துக் கொடுத்தாள், நான் கொண்டுபோய்ப் பாராட்டு வாங்கினேன். இன்று டாக்டர் ஒன்று கேட்டார். பொய்ப்பல் செய்யும் அறைக்கு நிதானமான கை உள்ள ஆள் தேவையாம், அவரே பழக்கிவிடுவாராம். வருகிறீர்களா என்று என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறவளுக்கு வர வேண்டிய வேலை அது. நான் நடுவில் நிற்கிறேன். அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

20.4.85, சனி

நாளை டாக்டர் வீட்டில் அவருடைய நண்பர்கள் முன்னால் ஓர் எஞ்சினைப் பிரித்து மாற்றிக் காட்ட வேண்டுமாம். ரோசரியிடம் சொன்னேன்.

“அப்ப, நீங்க செஞ்சதாத்தான் சொல்லி வச்சிருக்கீங்க.”

நான் தரையைப் பார்த்தேன்.

“சரி. நானும் வாரேன்.”

21.4.85, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

டாக்டர் வீட்டுக் கூடத்தில் மேசை மேல் தண்டவாளம். சுற்றிலும் அவர் நண்பர்கள், நம் கோயிலுக்கு வரும் பேங்க் ஆபீசர் யேசுதாசனும் இருந்தார். நான் திருப்புளியை எடுப்பதற்குள் ரோசரி முந்திக்கொண்டாள். எனக்குக் கண் சரியில்லை, நான் சொல்லச் சொல்ல அவள் செய்வாள் என்று டாக்டரிடம் மலாயில் சொன்னாள். என்னைக் காப்பாற்றத்தான்.

நானும் சொன்னேன். இங்கே ஈயம் வை, அங்கே நூலைத் திணி. அவள் செய்து முடித்த பிறகு ஒவ்வொன்றையும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டத் தலையாட்ட எனக்கு நிஜமாகவே எல்லாம் தெரிந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று, கரண்டைக் கூட்டு என்றேன்.

“கொஞ்சம் ஊறட்டுமே,” என்றாள் மெதுவாக.

“கூட்டுன்னா கூட்டு.”

என்னை ஒருமுறை பார்த்தாள். கூட்டினாள்.

உள்ளே கம்பி செக்கச்செவேல் என்று எரிந்து அறுந்தது. எஞ்சின் தலையில் பெயின்ட் கொப்பளித்தது. அவர் அப்பா கொடுத்த அதே எஞ்சின். பழுதில்லாமல் ஓடியதைத்தான் எல்லார் முன்னும் மறுபடி பிரிக்கச் சொல்லியிருந்தார். டாக்டர் ரோசரியைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

யேசுதாசன் என் தோளைத் தட்டினார். “பொம்பளைங்க கையில குடுத்தா இப்படித்தான்லா, ஆம்புரோஸ்.”

நான் தலையாட்டினேன். கடவுளே, தலையாட்டினேன்.

22.4.85, திங்கள்

ரோசரி திட்டவில்லை, அழவில்லை. சோறு வைத்தாள். வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: “அந்தாளு சொன்னது எனக்குப் பெரிசில்ல. நீங்க தலையாட்டினீங்க பாருங்க.”

சீ. நான் என்ன பிறவி.

24.4.85, புதன்

கிளினிக் போனேன். பல் வலிக்காரர்களோடு முறை வரும்வரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் இரண்டு கையையும் டாக்டர் முன்னால் நீட்டினேன். அவை பாட்டுக்கு ஆடின. எல்லா எஞ்சினும் அவள் செய்தவை, கெடுத்தது மட்டும் நான் என்றேன். பொய்ப்பல் வேலையையும் அவளுக்கே கேட்டேன்.

இதுவரை சொன்னது பொய் என்றால் இது மட்டும் உண்மை என்று எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்வி. கடைசியில், அவளை வரச் சொல், மெழுகில் ஒரு பல் செதுக்கட்டும், பார்க்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “நீங்க கூட வர வேணாம்,” என்றாள்.

9.2.86, ஞாயிறு

சீனப் பெருநாள். டாக்டர் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டு போனோம். தன் கிளினிக்கின் பொய்ப்பல்லையெல்லாம் செய்கிறவர் என்று ரோசரியைக் காட்டி வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பெயர், ரோசரியின் கணவர்.

யேசுதாசனும் வந்திருந்தார். கண் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ரோசரி எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“கண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க. குடிச்சுக் கெட்ட கை. அன்னைக்கு எஞ்சின எரிச்சதும் நான்தான்.”

அவர் முறுக்கைக் கடித்தார்.

பிறர் வீட்டுக்குப் போனால் ரோசரி எனக்கு எப்போதும் அரைக்கோப்பை தேநீர்தான் ஊற்றுவாள், கை நடுங்கினாலும் வெளியே தெரியாமலிருக்க. இன்று கோப்பை நிறைய ஊற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். சட்டையெல்லாம் சிந்தியது. அவள் துடைக்க வரவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து தன் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.