மருமகன் மறுபடி களத்தில் இறங்கத் தந்த சான்றிதழை மீளப் பெறக் கோரும் மனு

அனுப்புநர்
க. வரதராஜா,
ஓய்வுபெற்ற நீர்வழங்கல் பொறியியலாளர்,
ரவுண்ட் ராக், டெக்சஸ்.

பெறுநர்
வைத்தியர் சிவகரன் அவர்கள்,
தலைமைப் பரிசோதகர்,
தொழில்முறைக் கால்பந்து வீரர் மருத்துவச் சோதனைக் குழு,
ஆஸ்டின், டெக்சஸ்.

பொருள்: என் மருமகன் டெரிக் ஹோல்ட்டன் தொடர்ந்து விளையாடலாம் என்று தாங்கள் வழங்கிய சான்றிதழை இரத்துச் செய்து, வீட்டார் எவரும் அறையில் இல்லாமல் அவரை மறுபடி சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்குத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். நான் முன்பு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்குத் தங்கள் அலுவலகம் அக்கறைக்கு நன்றி தெரிவித்து, அத்துடன் கோப்பை மூடிவிட்டது. மேலும், அந்தச் சான்றிதழுக்குக் காரணமான பேச்சில் பெரும்பகுதி தங்கள் அறையில் தமிழிலேயே நடந்தது. ஆகவே முறைப்பாடும் தமிழில் இருப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். மருமகனின் வேலையைப் பறியுங்கள் என்று மனு எழுதும் மாமனார் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த ஒரு காரணத்துக்காகவேனும் இதைக் கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. டெரிக் என் ஒரே மகள் ரூபிகாவின் கணவர். இங்கத்தைய அமெரிக்கக் கால்பந்தில் எதிரணிக்காரன் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவர, அவனை நேருக்கு நேர் மோதி விழுத்துவதே அவருடைய உத்தியோகம். மகள் அவரை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது இப்படியும் ஓர் உத்தியோகமா என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது உண்மை. பிறகு ஒருநாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் தன் அணியின் ஆட்டத் திட்டப் புத்தகத்தை விரித்துவைத்துப் படிப்பதைக் கண்டேன். தலையணை மாதிரித் தடித்த புத்தகம். எதிரணி இப்படி நின்றால் நாம் எங்கே நிற்பது, அவர்கள் மாறினால் நாம் எப்படி மாறுவது என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். வாராவாரம் புதுப் பக்கங்கள் வரும். பல்கலைக்கழகச் சோதனைக்கு நான்கூட அப்படிப் படித்ததில்லை. அன்றே என் கோபம் போய்விட்டது. அவருடைய தொழிலுக்குத் தோளைவிடத் தலையே முக்கியம் என்பதைத் தாங்கள் உணர வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

3. சென்ற டிசம்பர் மாதப் போட்டியில் டெரிக்கின் தலையும் எதிரணிக்காரர் ஒருவரின் முழங்காலும் மோதிக்கொண்டன. அவருக்குத் தலையில் அடிபடுவது அது முதல் தடவை அல்ல. சிறிது நேரம் அசையாமல் கிடந்தார். எழுந்தவர் நேரே எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ‘மணி அடித்துவிட்டது’ என்று தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் சிரித்தார்கள். தலையில் அடிபட்டு ஆள் தடுமாறினால் இங்கே அப்படித்தான் சொல்வார்களாம். அணியின் உதவியாளர் ஒருவர் வந்து, மயக்கம் தெளிய அவர் மூக்கருகே எதையோ காட்டினார். போட்டியின் அடுத்த கால்பகுதியில் டெரிக் மறுபடி களத்தில் நின்றார். முழங்கால் நொந்தால் இவர்கள் ஓய்வு கொடுக்கிறார்கள், தலை நொந்தால் தண்ணீர் கொடுக்கிறார்கள். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

4. மிச்சப் போட்டிகளில் அவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பயிற்சியாளர் பலர் முன்னிலையில் திட்டினார். பணம் வந்ததும் சோம்பல் வந்துவிட்டது என்று ஒரு பத்திரிகை எழுதியது. மருந்தகத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வரும் என் மகள், இரவுச் சமையலுக்கிடையில் திட்டப் புத்தகத்திலிருந்து அவரிடம் கேள்வி கேட்பாள். முன்பு பக்க எண்ணோடு சொன்னவர் இப்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தலைவலிக்கிறது என்று அணியில் வாய் திறந்தால், அந்த இடத்துக்கு இன்னொருவர் வரிசையில் நிற்கிறார். ஆகவே அவர் வாய் திறப்பதில்லை. அவருடைய நண்பர்களும் அப்படித்தான் என்று மகள் சொல்கிறாள்.

5. எங்கள் வீட்டில் இதை நாங்கள் உடனே கண்டுகொள்ளாததற்கு ஒரு காரணம் உண்டு. டெரிக்குக்குத் தெரிந்த தமிழ் ‘சாப்பிட்டீங்களோ மாமா’ என்ற ஒரு வசனம்தான். முன்பு வாசலில் ஒருதரம் கேட்பார். இந்த வருடம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் கேட்டார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் கேட்டார். “பாருங்கோ, வெள்ளைக்காரப் பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை” என்று என் துணைவியார் ஞானமணி அக்கம்பக்கமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அது மரியாதை அல்ல, மறதி என்று மகள்தான் எங்களுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் அழுததை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை.

6. இனித் தங்கள் அறையில் நடந்தது. ஜூன் மாதம் அவரைச் சோதனைக்கு அழைத்து வந்தவர்கள் நானும் துணைவியாரும். மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தாங்கள் தமிழர் என்று அறிந்ததும் ஞானமணிக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மகள் வெள்ளைக்காரரைக் கட்டியபோது தமிழ்ச் சனம் பேசிய பேச்சை அவர் இன்னும் மறக்கவில்லை. அப்படியிருக்க, இன்னொரு தமிழருக்கு முன்னால் மருமகனில் ஒரு குறை சொல்வாரா? நோயாளியிடம் வைத்தியர் கேட்டால் வீட்டார் பதில் சொல்வது நம் வழக்கம். தாங்களும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்தானே. தலையிடி உண்டா என்று டெரிக்கிடம் கேட்டீர்கள். “தலையிடி எண்டு ஒரு நாள் படுத்ததில்லை, டொக்டர் தம்பி” என்றார் ஞானமணி. நித்திரை எப்படி என்றீர்கள். “குழந்தைப்பிள்ளை மாதிரி” என்றார். டெரிக் வெளிச்சம் தாங்காமல் இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியோடு விழித்திருப்பதை நாங்கள் இருவரும் அறிவோம்.

7. பிறகு தாங்கள் ஐந்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லும்படி டெரிக்கிடம் கேட்டீர்கள். இரண்டு சொல்லோடு அவர் நின்றுவிட்டார். மூன்றாவதை ஞானமணி எடுத்துக் கொடுத்தார். டெரிக் அதைத் திருப்பிச் சொன்னார். நான்காவதும் ஐந்தாவதும் அவ்வாறே. “மாமியார் பக்கத்தில இருந்தால் ஆருக்கும் ஞாபகசக்தி கூடும், ஆன்ட்டி” என்று தாங்கள் சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தோம், டெரிக்கும் சிரித்தார். ஆன்ட்டிக்கு எந்த ஊர் என்று தாங்கள் கேட்க, இரண்டு குடும்பமும் எந்தச் சந்தியில் சேர்கின்றன என்பது வரை பேச்சுப் போயிற்று. மருமகன் கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். தங்கள் அறிக்கையில் ‘நினைவாற்றலில் குறையில்லை, பதில்கள் தயக்கமின்றி வந்தன’ என்று இருக்கிறது. உண்மைதான் ஐயா. ஆனால் அது என் துணைவியாருடைய நினைவாற்றல்.

8. தங்கள்மீது குற்றம் சுமத்துவது என் நோக்கமல்ல. ஊரில் ஒரு காய்ச்சல் என்றால் இந்த வழக்கத்தால் பெரிய கேடு வராது. ஆனால் இங்கே அந்தச் சான்றிதழின் பேரில் ஜூலை 27ஆம் திகதி பயிற்சி முகாமில் டெரிக்கை மீண்டும் மோதச் சொல்லுவார்கள். இன்னொரு அடி தாங்காது என்று மகள் தனிப்பட்ட முறையில் கேட்ட நரம்பியல் வைத்தியர் சொல்லிவிட்டார். தங்கள் கையொப்பம் இருக்கும்வரை அவர் சொல்லை அணி ஏற்காது.

9. எனவே அந்தச் சான்றிதழை முகாம் தொடங்குமுன் நிறுத்திவைத்து, டெரிக்கைத் தனியாக அழைத்து, அவர் வாயிலிருந்து வரும் பதிலை மட்டும் எழுதிக்கொள்ளுமாறு பணிவோடு வேண்டுகிறேன். நாங்கள் தரிப்பிடத்தில் காருக்குள் இருப்போம். ஞானமணி நேரில் வந்து தன் கூற்றைத் திருத்தவும் சம்மதித்திருக்கிறார். “எனக்குப் பெருமை வேண்டாம், பிள்ளை முழுசாய் இருந்தால் போதும் எண்டு சொல்லுங்கோ” என்றார். சொல்லிவிட்டேன்.

10. இம்மனுவை டெரிக்குக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்று காலை வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளைப் பருவத்திலிருந்து அவருக்கு வேறு தொழில் தெரியாது. முதலில் கோபித்து எழுந்து வெளியே போனார். வெகுநேரம் கழித்து வந்து, அனுப்புங்கள் என்றார். நான் கடித உறையைத் தேடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்: “நாளைக்கு நான் இதற்குச் சம்மதிக்கவே இல்லை என்று உங்களோடு சண்டை பிடிப்பேன். அப்போது நான் சொல்வதைக் கேட்காதீர்கள், மாமா.” ஆகையால் நாளைவரை வைத்திருக்காமல் இதை இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

இடம்: ரவுண்ட் ராக்
நாள்: 17.07.1998

இங்ஙனம்,
தங்கள் முடிவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
க. வரதராஜா