ஆட்சேபம் இல்லையேல்

ஜூன் 9, செவ்வாய்
காலையிலேயே அனல். பால்காரர் லேட்.

வேலையில் இருந்தபோது எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "சார், உலகத்துக்கு ஹெட்மாஸ்டர் யாரு?" யாரும் இல்லை, ஸ்டாஃப் ரூம் மட்டும்தான் என்றேன். வகுப்பே சிரித்தது.

இன்று ஜெனீவாவிலிருந்து மகள் கயல் போன். அவள் வேலை பார்க்கும் பன்னாட்டு அமைப்பில் ஒரு யோசனை. அவளுடைய பிரிவு முழுவதையும் சென்னைக்கு மாற்றலாமா என்று. செயலகம் வரைவு எழுதலாம், அவ்வளவுதான். முடிவு உறுப்பு நாடுகள் கையில். எல்லா நாட்டுக்கும் வரைவு போய்விட்டதாம். வெள்ளி மாலைக்குள் ஒரு நாடுகூட ஆட்சேபம் எழுதாவிட்டால் தீர்மானம் நிறைவேறியதாகப் பொருள். கூட்டம் கிடையாது, கை தூக்குவது கிடையாது.

என் மனைவி சரளா: "யாரும் வாயே தொறக்கலன்னா பாஸா? நம்ம வீட்ல ஒருநாளாவது அப்படி நடந்திருக்குதாங்க?"

சென்னை என்றால் பஸ்ஸில் மூன்று, நாலு மணி நேரம். மாசம் ஒருமுறையாவது வருவாள்.

ஜூன் 10, புதன்
மாடி அறை ஒட்டடை. வாங்க வேண்டியது: மெத்தை, கொசுவலை, டேபிள் ஃபேன், அவளுக்குப் பிடித்த ரசப்பொடிக்கு மிளகு.

பக்கத்து வீட்டுப் பட்டு வியாபாரி தனபாலுக்கு விளக்கினேன். உங்கள் நெசவாளர் சங்கத்தில் தீர்மானத்தைப் படித்துவிட்டு "யாருக்காவது ஆட்சேபமா?" என்று கேட்பார்களே, அதையே தபாலில் செய்வதுபோல.

"எங்க சங்கத்துல எவன் சார் சும்மா இருக்கான்? டீயில சக்கர கம்மின்னே ஒருத்தன் எழுந்து பேசிகினு இருப்பான். உங்க பொண்ணு ஆபீஸ்ல அத்தினி நாடும் வாய மூடிகினு இருக்கணுமா? பேஜாருதான்."

பிற்பகல் கரண்ட் இல்லை.

ஜூன் 11, வியாழன்
கயல் இரண்டே நிமிடம் பேசினாள்; மீதி நேரம் நான்தான், மெத்தை, ஃபேன் என்று. ஒரு சின்னத் தீவு நாடு விளக்கம் கேட்டிருக்கிறதாம். ஆட்சேபம் அல்ல, கேள்விதான். ஆனால் நாளை ஆட்சேபமாக மாறலாம்.

பெரிய நாடோ சின்னத் தீவோ, ஆளுக்கு ஒரே குரல். அதுதான் இதன் அழகு என்று வருஷா வருஷம் பாடம் நடத்தினேன். இன்று அட்லஸை எடுத்து அந்தத் தீவைத் தேடிப் பிடித்து முறைத்துக்கொண்டிருந்தேன்.

சரளா: "அந்த ஊர்க்காரனுக்கு நம்ம பொண்ணு மேல இன்னா கோவம்?"

மெத்தை வந்துவிட்டது.

ஜூன் 12, வெள்ளி
நாள் முழுக்க எதிலும் மனம் நிற்கவில்லை. பேப்பரை இரண்டு முறை படித்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது கயல் போன். யாரும் எழுதவில்லை. தீவுக்காரர்களுக்குப் பதில் திருப்தி. நிறைவேறிவிட்டது.

சரளா உடனே சேமியா வறுக்கப் போய்விட்டாள். "எப்பம்மா வர்றே?" என்றேன்.

"செக்ஷன் வருதுப்பா. நான் வர்றேனான்னு யார் கேட்டாங்க? இங்கயே வேற செக்ஷன்ல ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். கிடைக்கும்போல."

"சொல்லவே இல்லையேம்மா."

"மெத்தை, ஃபேன்னு நீங்க அடுக்கிகினே போனீங்க. நான் எங்க சொல்றது?"

உண்மைதான். அவள் பேசாமல் இருந்தாள். நாங்கள் நிறைவேறியதாக எடுத்துக்கொண்டோம்.

பாயசம் அப்படியே ஆறிப்போனது.

ஜூன் 13, சனி
லேசான தூறல். மத்தியானம் நானே போன் போட்டேன். "நீ எங்க இருக்க ஆசப்படறே?" அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அதை நிரப்ப நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"இங்கதாம்பா. கொஞ்ச வருஷமாவது."

"சரிம்மா" என்றேன். சரளா போனைப் பிடுங்கினாள்.

"ஏண்டி, வந்து பாத்துட்டுப் போறதுக்கு எத்தினி நாடு ஒத்துக்கணும்?"

கயல் சிரித்துவிட்டாள். "யாரும் வேணாம்மா. தீபாவளிக்கு லீவு எழுதறேன்."

இந்தப் பக்கத்தை யாராவது படிக்க நேர்ந்தால்: தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு இன்று போன் போட்டு, என்ன வேண்டும் என்று ஒரே ஒரு முறை கேளுங்கள், பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.