கேத்தல் கொதிக்கும் நேரம்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
17-9-1978

அன்புத் தம்பி கார்த்திகேசுவுக்கு அக்கா மீனலோசனி எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எனக்குத்தான் சுகம், அம்மாவுக்கு இல்லை. லண்டன் குளிரில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று இன்றும் கேட்டார். தான் சாப்பிடுவதைத்தான் மறந்துவிட்டார்.

அப்பா போன பிறகும் அம்மா மாலையில் அவருக்குத் தேத்தண்ணீர் போடுவதை நிறுத்தவில்லை. வாசிகசாலையில் பேப்பர் பார்த்துவிட்டு அவர் வீடு திரும்பும் நேரம் உனக்குத் தெரியுமே, அதே நேரம். கோப்பையை அவர் சாய்ந்திருக்கும் சாய்மனைக்கு அருகில் கொண்டுபோய் வைப்பார். அம்மாவுக்கு அது ஆறுதல் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அப்பா வந்திட்டார், பார் பிள்ளை" என்றார். சாய்மனைக்கு மேலே இருந்த பல்ப் மங்கிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு பழையபடி பளிச்சென்று எரிந்தது. மறுநாளும் அதே நேரத்தில் அப்படித்தான். எனக்கும் முதுகு சில்லிட்டது, பொய் சொல்ல மாட்டேன். கிள்ளானில் பிள்ளைகளுக்கு மின்சாரம் படிப்பிக்கிறவள், சொந்த வீட்டு விளக்கைப் பார்த்துத் திருநீறு பூசிக்கொண்டேன். நீ சிரிப்பாய், சிரி.

பிறகுதான் புத்தி வந்தது. விளக்கு மங்கியது அம்மா தேத்தண்ணீருக்கு மின்சாரக் கேத்தலைப் போட்டபோது.

நீ கணக்கெழுதுகிறவன், உனக்கு விளங்கச் சொல்கிறேன். தெவனின் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் காட்டிய சுருக்குவழி இருக்கிறது. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் வயர் எவ்வளவு பின்னிக் கிடந்தாலும் பிரிக்க வேண்டாம். பிளக் மாட்டும் இரண்டு துளைகளில் நின்று பார்த்தால் போதும். உள்ளே உள்ளதெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு மின்மூலம், அதோடு ஒரே ஒரு மின்தடை. மீட்டரை வைத்தேன். கேத்தல் இல்லாமல் 240 வோல்ட், கேத்தலைப் போட்டால் 210. கேத்தல் இழுக்கும் ஏழரை ஆம்பியரை வைத்துக் கணக்குப் போட்டால் மறைந்திருக்கும் தடை நாலு ஓம். நல்ல வீட்டில் அது ஒரு ஓம்கூட இருக்கக் கூடாது. எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்து, நூறு வாட் பல்ப் இரண்டின் சூட்டைக் காய்ந்த பலகைக்குள் கக்கிக்கொண்டிருக்கிறது. அம்மா போடும் தேத்தண்ணீரே ஒருநாள் வீட்டைக் கொளுத்திவிடும்!

அம்மாவிடம் சொன்னேன். "வயரிலை கை வைச்சியோ, நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்" என்றார். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு ரமணி அக்காவோடு அவரைக் கந்தசுவாமி கோயிலுக்கு அனுப்பிவிட்டு, சாலாக் செலாத்தானிலிருந்து விஜயன் என்ற வயர்மேனை வரவழைத்தேன். மேலே ஏறியவர், "ஐயோ டீச்சர், பலகையெல்லாம் கரியா இருக்குலா! இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தா வீடே போயிருக்கும்" என்றார். புது வயர் போட்டுத் தந்தார். செய்தது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று மாலை அம்மா கேத்தலைப் போட்டார். விளக்கு அசையவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் அப்படியே. இப்போது தினமும் இதுதான். கொதிக்க வைக்கிறார், அண்ணாந்து பார்க்கிறார், கொட்டுகிறார். "நான் என்ன பிழை விட்டனான்? ஏன் அவர் வாறேல்லை?" என்று என்னைக் கேட்கிறார். வயர் மாற்றியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோறு அப்படியே கிடக்கிறது. கழுத்து எலும்பு தெரிகிறது, தம்பி.

எனக்கும் என்னவோ ஆகிவிட்டது. கேத்தல் முணுமுணுக்கத் தொடங்கியதும் நானும் அண்ணாந்து பார்க்கிறேன். மங்கவில்லையே என்று இன்னொரு முறை பார்க்கிறேன். காரணம் முழுக்கத் தெரிந்தவள் நான்! பள்ளி ஆய்வுகூடத்தில் நாலு ஓம் கம்பிச்சுருள் ஒன்று உண்டு. போன வாரம் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எந்த இடத்தில் மாட்டினால் அப்பா வருவார் என்று எனக்குத் தெரியும். அது சூடேறும் என்பதும் தெரியும். இன்னும் மாட்டவில்லை. அம்மா ஒரு வாய் சாப்பிடுவார் என்றால் மாட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று அம்மா, "பெடியன் கொள்ளி வைக்க வரேல்லை எண்டுதான் கோவிச்சுக்கொண்டு போட்டாரோ" என்றார். நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். உன் பரீட்சை, டிக்கெட் காசு எல்லாம் எனக்குத் தெரியும். அதற்கு நான் உன்னைக் குறை சொன்னதே இல்லை.

நல்லூரான் உன்னைக் காக்கட்டும். தீபாவளிக்கு முன் வந்துவிடு ராசா. பொழுது படுகிற நேரத்துக்கு, அம்மா கேத்தலைப் போடும்போது வா. டாக்சியை வாசல்வரை கொண்டுவராதே. சந்தியில் இறங்கி நடந்து வா, அப்பா நடந்துதான் வருவார்.

உன் அக்கா,
மீனலோசனி